பதினாறு வயதில் கல்லூரிக் கணக்கு: டெக்சாஸில் டூயல் கிரெடிட் எடுத்த கதை

கல்லூரி அலுவலகத்துக்கு நான் போன் செய்தது ஆகஸ்ட் முதல் வாரத்தில். மகனுடைய பெயர், பிறந்த தேதி எல்லாம் சொன்னேன். எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாணவர் பக்கத்தில் இருக்கிறாரா?" என்றார். "அவன் இப்போதுதான் பதினோராம் வகுப்புக்குப் போகப் போகிறான். நான் அவன் அம்மா, என்னிடம் சொல்லுங்கள்" என்றேன். "எங்களுக்கு அவர் கல்லூரி மாணவர் மேடம். அவரிடம்தான் பேச முடியும்" என்று சொல்லிவிட்டார்.

ஃபெர்பா என்று 1974-இல் வந்த ஒரு மத்திய அரசுச் சட்டம் இருக்கிறது. பிள்ளை பள்ளியில் படிக்கும்வரை அவனுடைய கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை பெற்றோருக்கு. பிள்ளைக்கு 18 வயது ஆனாலோ, எந்த வயதிலானாலும் கல்லூரியில் சேர்ந்துவிட்டாலோ அந்த உரிமை பிள்ளையின் கைக்குப் போய்விடும். போனை வைத்த பிறகுதான் இதைத் தேடிப் படித்தேன். அதுவரை, பள்ளியில் இருந்தபடியே கல்லூரிப் பாடமும் படிக்கும் டூயல் கிரெடிட் என்பதை ஏதோ கூடுதல் மார்க் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில், பதினாறு வயதுப் பையனைக் கல்லூரியில் சேர்த்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

நாங்கள் இருப்பது டல்லாஸுக்கு வடக்கே. மகன் பத்தாவது படிக்கும்போது, பிப்ரவரியில், அடுத்த வருடத்துக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பள்ளியில் கூப்பிட்டார்கள். இங்கே நம்மவர்கள் நாலு பேர் கூடினால் ஏபி பற்றித்தான் பேச்சு. எனக்கும் அது மட்டும்தான் தெரியும். ஏபி (அட்வான்ஸ்ட் பிளேஸ்மெண்ட்) என்பது காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்துவது. வருடம் முழுக்கப் பள்ளியில் படித்து, மே மாதம் ஒரே ஒரு தேர்வு எழுத வேண்டும். 1 முதல் 5 வரை மதிப்பெண். அந்தப் பாடத்தைக் கல்லூரியில் முடித்ததாக 3-க்கே கிரெடிட் தருவதா, 4 வேண்டுமா, 5 வேண்டுமா என்பதைச் சேரப்போகும் கல்லூரிதான் சொல்லும். கோபியில் +2 எழுதி வந்த எனக்கு இது நன்றாகவே புரிந்தது. ஒரு வருடப் படிப்பு, ஒரு நாள் தேர்வு.

டூயல் கிரெடிட்டின் வழி வேறு. ஊரில் உள்ள இரண்டு வருடக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜின் பாடத்தையே பையன் எடுக்கிறான். அதே பாடம் பள்ளிப் படிப்புக்கும் கணக்கில் சேரும், கல்லூரிப் படிப்புக்கும் சேரும். கடைசியில் பெரிய பரீட்சை என்று தனியாக எதுவும் கிரெடிட்டைத் தீர்மானிப்பதில்லை. செமஸ்டர் முழுக்கச் செய்த வேலைக்கு என்ன கிரேடோ அதுதான். அதில் ஒரு விஷயத்தை, பாடத் தேர்வில் வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலர் இரண்டு தடவை அழுத்திச் சொன்னார்: அந்த கிரேடு அவனுடைய கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பதிவில், நிரந்தரமாக இருக்கும். ஏபியில் மதிப்பெண் சரியாக வரவில்லை என்றால் கல்லூரிக்கு அனுப்பாமலே விட்டுவிடலாம். இதில் அது முடியாது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா, "ஏபி முடியாத பிள்ளைங்கதான் டூயல் எடுக்கும்" என்றார். பலரும் இப்படிச் சொல்கிறார்கள். அது சரியில்லை என்பது என் அனுபவம். என் மகன் கணக்கில் ஒரு மூச்சில் உட்கார்ந்து தேர்வு எழுதிவிடுவான். கட்டுரை என்றால் அவனுக்கு நாள் வேண்டும். எழுதி, அழித்து, மறுபடி எழுதினால்தான் நன்றாக வரும். அதனால் கால்குலஸையும் இயற்பியலையும் ஏபியில் வைத்துக்கொண்டோம். இங்கிலீஷ், ஹிஸ்டரி, கவர்ன்மெண்ட் மூன்றையும் டூயலில் எடுத்தோம்.

இந்த மூன்றைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகம் எதில் இளங்கலைப் பட்டம் வாங்கினாலும், அமெரிக்க வரலாற்றில் 6 கிரெடிட்டும் அரசியலமைப்பு, அரசாங்கம் பற்றி 6 கிரெடிட்டும் படித்திருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். கம்ப்யூட்டர் படித்தாலும் நர்சிங் படித்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. அதனால் ஹிஸ்டரி 1301, 1302, கவர்ன்மெண்ட் 2305, 2306 ஆகியவை மாநிலத்துக்குள் எந்தப் படிப்புக்குப் போனாலும் வீணாகாது. இந்த எண்கள் மாநிலம் முழுக்கப் பொதுவானவை. முதல் இலக்கம் எந்த வருடப் பாடம் என்பதைச் சொல்லும், இரண்டாவது எத்தனை கிரெடிட் என்பதை. 1301-இல் உள்ள 3 அதுதான். வெளி மாநிலக் கல்லூரியோ பெரிய தனியார் பல்கலைக்கழகமோதான் குறி என்றால், இந்த கிரெடிட்டை எடுத்துக்கொள்வார்களா என்று அந்தந்தக் கல்லூரியின் விதியை முதலிலேயே பார்த்துவிடுங்கள். அங்கே ஏபிக்கு இருக்கும் வழக்கம் வேறு, இதற்கு இருக்கும் வழக்கம் வேறு. இன்னொன்று, பள்ளி ஜிபிஏவில் (கிரேடுகளின் சராசரி) ஏபிக்கும் டூயலுக்கும் ஒரே எடை கிடைக்குமா என்பது பள்ளி மாவட்டத்துக்குப் பள்ளி மாவட்டம் மாறும். ரேங்க் முக்கியம் என்றால் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பம் அப்ளைடெக்சாஸ் வலைத்தளத்தில். கல்லூரியில் சேரும் பெரிய பிள்ளைகள் நிரப்பும் அதே இடம்தான். ஒரு மணி நேர வேலை. ஆனால் பெயர் என்ற முதல் கட்டத்திலேயே நாங்கள் சிக்கலை உண்டாக்கிக்கொண்டோம். பள்ளியில் சேர்க்கும்போது அவன் அப்பா பெயரை நடுப்பெயராகவும் தாத்தா பெயரைக் கடைசிப் பெயராகவும் எழுதிவிட்டோம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் கடைசிப் பெயர். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி போட்டோம். நுழைவுத் தேர்வுக்குப் பள்ளியில் உள்ளபடி பதிந்தான். விளைவு, கல்லூரிக் கணினியில் இரண்டு பையன்கள். ஒருவன் விண்ணப்பித்தவன், இன்னொருவன் தேர்வு எழுதியவன். இன்ஷியலோடு வாழ்ந்து பழகிய நமக்கு இது எவ்வளவு எளிதாக நடந்துவிடும்! நான் போன் செய்ததே இதற்காகத்தான். கடைசியில் மகனே பாஸ்போர்ட் நகலோடு நேரில் போய் இரண்டு பதிவையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு வந்தான். விண்ணப்பிக்கும் முன் பள்ளிப் பதிவில் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து பாருங்கள்.

நுழைவுத் தேர்வு என்றேனே, அதன் பெயர் டிஎஸ்ஐ. கல்லூரிப் பாடம் படிக்கும் அளவுக்கு வாசிப்பும் எழுத்தும் கணக்கும் இருக்கிறதா என்று பார்ப்பது. நேரக் கட்டுப்பாடு கிடையாது. கணக்கில் 950, ஆங்கிலத்தில் 945, அதோடு கட்டுரை ஒன்றில் 8 மதிப்பெண்ணில் குறைந்தது 5 வாங்க வேண்டும். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் போதிய மதிப்பெண் ஏற்கெனவே இருந்தால் இதை எழுத வேண்டாம். இவன் கணக்கில் ஒரே தடவையில் தாண்டிவிட்டான். கட்டுரைக்கு 4 வந்தது.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவனை மாதிரிக் கட்டுரை ஒன்று எழுதச் சொன்னேன். நான் ஆங்கிலப் புலமை உள்ளவள் இல்லை. ஆனால் படித்துப் பார்த்ததும் ஒன்று தெரிந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளியில் போன் வேண்டுமா என்பது தலைப்பு. வேண்டும் என்பதற்கு அரைப்பக்கம், வேண்டாம் என்பதற்கு அரைப்பக்கம், முடிவில் "இரண்டிலும் உண்மை இருக்கிறது" என்று ஒரு வரி. "கண்ணு, இதுல நீ என்னதான் சொல்ற?" என்று கேட்டேன். யோசித்தான். "எனக்கு வேண்டாம்னுதான் தோணுது" என்றான். "அப்போ அதை முதல் வரியில் எழுது" என்றேன். மூன்று வாரம் கழித்து மறுபடி எழுதினான். 5 வந்தது. அந்த 5-ஐப் பார்த்த சந்தோஷம், அவன் கணக்கில் வாங்கிய எந்த நூற்றுக்கும் எனக்கு வந்ததில்லை.

அப்புறம் தடுப்பூசி. இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. டெக்சாஸில் 22 வயதுக்குள் கல்லூரி வளாகத்துக்குப் படிக்கப் போகிறவர்கள் மெனிஞ்சைட்டிஸ் என்ற மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அதுவும் கடந்த ஐந்து வருடத்துக்குள், வகுப்பு தொடங்கக் குறைந்தது 10 நாள் முன்பு. ஏழாம் வகுப்புக்காக அவனுக்குப் பதினொன்று வயதில் போட்டிருந்தோம். கணக்குப் பார்த்தால் ஐந்து வருடம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பள்ளிக் கட்டடத்திலேயே நடக்கும் டூயல் வகுப்புகளுக்கு மட்டும் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. இவனுக்கு ஹிஸ்டரி பள்ளியில், ஆனால் இங்கிலீஷ் கல்லூரி வளாகத்தில். ஊசி போட்டு, சீட்டைக் கல்லூரித் தளத்தில் ஏற்றி, சேர்வதற்கு இருந்த தடை நீங்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

கட்டணம் எங்களுக்குப் பாடத்துக்கு இருநூறு டாலர் அளவில் ஆனது, புத்தகம் தனி. பள்ளியில் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி உள்ள பிள்ளைகளுக்கு, 2023-இல் வந்த ஃபாஸ்ட் திட்டத்தில் சேர்ந்திருக்கும் கல்லூரிகளில் இது இலவசம். தகுதி இருந்தால் கூச்சப்படாமல் கவுன்சிலரிடம் கேளுங்கள். கேட்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும், அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இங்கிலீஷ் வகுப்பு செவ்வாய், வியாழன் காலை 8 மணிக்கு. முதல் வாரம் நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். வகுப்பில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இரவு வேலை முடித்து நேராக வந்திருக்கும் ஓர் அம்மாவாம், அவனைவிட இருபது வயது மூத்தவர். பேராசிரியை கொடுத்த சிலபஸ் ஒன்பது பக்கம். தாமதமாக வரும் கட்டுரைக்கு மதிப்பெண் இல்லை என்று அதில் ஒரு வரி. பள்ளியில் இரண்டு நாள் தாமதமானாலும் வாங்கிக்கொள்வார்கள். இங்கே வாங்கவே மாட்டார்கள். முதல் கட்டுரைக்கு 62.

செமஸ்டரின் 12-ஆவது வகுப்பு நாள் வரை விலகினால் டிரான்ஸ்கிரிப்டில் தடமே இருக்காது. அதற்குப் பின் கடைசித் தேதிக்குள் விலகினால் W என்ற எழுத்து நிற்கும். 62 வந்தபோது அந்த 12 நாள் தாண்டியிருந்தது. அவன் அப்பா விலகிவிடலாம் என்றார். எனக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. பேராசிரியைக்கு நானே எழுதிக் கேட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அவர் எனக்குப் பதில் எழுத முடியாது. எழுத வேண்டியவன் மாடியில் இருந்தான்.

அவன் அந்த மெயிலை மூன்று தடவை எழுதியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் எழுதியது, மதிப்பெண்ணைக் கூட்ட வழி உண்டா என்று. அதை அழித்தான். இரண்டாவதில் பள்ளியில் எவ்வளவு வேலை என்று ஒரு பத்தி. அதையும் அழித்தான். மூன்றாவதில் நான்கே வரி: என் வாதம் இரண்டாம் பக்கத்தில் எங்கே நழுவுகிறது என்று எனக்குப் புரியவில்லை, உங்கள் அலுவலக நேரத்தில் வந்து கேட்கலாமா? அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு மடிக்கணினியை மூடிவிட்டான், பதில் வருவதைப் பார்க்கப் பயந்து. மறுநாள் வந்தது: வா.

அவர் அரை மணி நேரம் அவனோடு உட்கார்ந்திருக்கிறார். பிறகு கல்லூரியின் எழுத்து மையத்துக்கு அனுப்பினார். அது மாணவர்களுக்கு இலவசம், டூயல் பிள்ளைகளுக்கும் உண்டு. வாரம் ஒரு முறை போனான். செமஸ்டர் முடிவில் B வந்தது. அடுத்த இங்கிலீஷ் பாடமான 1302-இல் A.

அந்த B எனக்கு உறுத்தியது, உண்மைதான். இப்போது உறுத்தவில்லை. ஆனால் மருத்துவம் என்று முடிவோடு இருக்கும் வீடுகளில் இதை நன்றாக யோசிக்க வேண்டும். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது பதினாறு வயதில் வாங்கிய கல்லூரி கிரேடும் ஜிபிஏ கணக்கில் சேரும். தயாராகாத பிள்ளையை, பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுக்கிறது என்பதற்காக ஒரே செமஸ்டரில் நாலு பாடத்தில் சேர்க்காதீர்கள். ஒன்றில் தொடங்கட்டும், இரண்டு போதும்.

பன்னிரண்டாவது முடியும்போது ஆறு பாடம், 18 கிரெடிட். மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கு இடம் கிடைத்தது. ஜூன் மாதம் புதிய மாணவர்களுக்கான ஓரியண்டேஷனில் பாடம் பதியும் நேரம் வந்தபோது, திரையில் கவர்ன்மெண்ட் 2306 இல்லை. டிரான்ஸ்கிரிப்டை ஏப்ரலிலேயே அனுப்பிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தோம். மே மாத கிரேடு அதில் எப்படி இருக்கும்? பள்ளி அனுப்பும் டிரான்ஸ்கிரிப்டும் இதற்குப் போதாது, கல்லூரியிலிருந்து தனியாகப் போக வேண்டும். அங்கேயே நின்று, போனிலேயே மறுபடி கோரிக்கை போட்டான். இரண்டு நாளில் ஏறியது.

நான்கு வருடப் படிப்பு மூன்றரை ஆகுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பொறியியலில் ஒரு பாடம் முடித்தால்தான் அடுத்தது என்று சங்கிலியாக இருக்கிறது. 18 கிரெடிட் இருந்தாலும் அந்தச் சங்கிலி சுருங்காது. மாநிலத்தவர்களுக்கே செமஸ்டருக்கு 5,000 டாலருக்கு மேல் வாங்கும் இடத்தில் ஒரு செமஸ்டர் மிச்சமானால் பெரிய விஷயம்தான், ஆனால் எங்களுக்கு அது நடக்காது என்றே நினைக்கிறேன். கிடைத்தது வேறு: முதல் வருடத்தில் மற்றவர்கள் ஐந்து பாடம் எடுத்தபோது இவன் நான்கு எடுத்தான். மிஞ்சிய நேரத்தில் வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் வேலை. அந்தப் பேராசிரியருக்கும் அவன்தான் மெயில் எழுதினான். வேலை கிடைத்த பிறகுதான் என்னிடம் சொன்னான்.

மகள் இப்போது ஒன்பதாவது. அவளுடைய பள்ளிப் பதிவில் கடைசிப் பெயரைப் போன வாரம் மாற்றினோம். ஊசிச் சீட்டையும் எடுத்துப் பார்த்தேன். அவளுக்கு ஐந்து வருடம் முடிவது பதினொன்றாம் வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய ஜூலையில். காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.