சித்தப்பாவின் 62 செண்ட்

அனாதீனம் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது சார்பதிவாளர் அலுவலகத்தில்தான். 40 வருடத்துக்கும் மேலாக அப்பாவும் சித்தப்பாவும் வாய்ப்பேச்சாகவே பிரித்து உழுதுவந்த கரிசல் புஞ்சைக்குப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதியப் போயிருந்தோம். அப்பா பங்கான 3ஏ என்ற உட்பிரிவுக்குப் பட்டா இருந்தது. சித்தப்பா பங்கான 3பி, 62 செண்ட், கணக்கில் அனாதீனம், அதாவது அரசு நிலம் என்று வருகிறது, பதிய முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சித்தப்பா அங்கே வாயே திறக்கவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான், "ஒம் பங்குக்கு மட்டும் பட்டா வாங்கிக்கிட்டியேண்ணே" என்றார். அதன் பிறகு எட்டு மாதம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அப்பாவுக்கு அது நிலம் போனதைவிடப் பெரிய அடி.

நடந்தது இதுதான். 1979 முதல் 1987 வரை நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், எல்லோரும் யூடிஆர் என்று சொல்வது, தமிழ்நாட்டில் நடந்தது. ஊர் ஊராக வந்து, யார் அனுபவத்தில் இருக்கிறார்கள் என்று விசாரித்து, ஏக்கரை ஹெக்டேராக்கி, உட்பிரிவு போட்டுப் புதுப் பட்டா கொடுத்தார்கள். இதற்கு நடுவே 1980-இல் ஊர் நிலக் கணக்கை எழுதிவந்த பரம்பரைக் கர்ணம் பதவியை அரசு ஒழித்தது. ஒழித்தது சரிதான். ஆனால் எந்த வரப்பு யாருடையது என்று மனப்பாடமாகச் சொல்லும் ஆள் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா அப்போது பம்பாயில் மில் வேலையில் இருந்தார். அப்பா தன் பங்கைக் காட்டினார். மற்றப் பங்குக்கு ஆள் வராததால், உரிமையாளர் தெரியாத நிலம் என்று எழுதிக்கொண்டார்கள். அதுதான் அனாதீனம்.

முதலில் சாதாரணப் பட்டா மாறுதல் மனு கொடுத்தேன். இரண்டு முறை தள்ளுபடி. அரசுக் கணக்கில் ஏறிவிட்ட நிலத்துக்கு மாவட்ட வருவாய் அலுவலரிடம்தான் யூடிஆர் பிழைத் திருத்த மனு போட வேண்டும் என்று ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் சொன்ன பிறகுதான் வழி பிடிபட்டது.

தாத்தா வாங்கிய 1958-ஆம் வருடக் கிரயப் பத்திரம் கையில் இருந்தால் போதும் என்று நம்பியிருந்தேன். போதாது. பத்திரம் இரண்டு தனி ஆட்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டது. யூடிஆருக்கு முன்னால் அது பட்டா நிலம்தான் என்று வருவாய்த் துறையின் சொந்தக் கணக்கே சொல்ல வேண்டும். ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் பழைய அ-பதிவேட்டு (ஒவ்வொரு சர்வே எண்ணின் வகை, பரப்பு, உரிமையாளர் எழுதிய கிராமக் கணக்கு) நகலுக்கு மனு செய்தேன். மூன்று வாரம் அலைந்து அந்த ஏட்டைப் பார்த்தேன். ஓரமெல்லாம் பொடிந்த பழுப்புத் தாள். பழைய எண் 214/3, புஞ்சை, 1 ஏக்கர் 40 செண்ட், நீல மசியில் தாத்தா பெயர். ஏ, பி என்ற பிரிவே அதில் இல்லை.

அந்த நகலைச் சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாத்தா பெயர் மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மனுவில் கையெழுத்துப் போட்டார்.

மனு மேலிருந்து கீழே கோட்டாட்சியர், வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர் வரை இறங்கி, அதே வழியில் அறிக்கையாக ஏறியது. 3பி ஓடையோ குளமோ பாதையோ இல்லை என்பதை அறிக்கையில் எழுதினார்கள். இது மிக முக்கியம். நீர்நிலை என்று ஒரு வார்த்தை இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பக்கத்து நிலத்துக்காரர்கள் வாக்குமூலம் கொடுத்தார்கள். டிரங்குப் பெட்டியில் அம்மா துணியில் சுற்றி வைத்திருந்த பசலி 1385 (1975-76 வருவாய் ஆண்டு) கிஸ்தி, அதாவது நிலவரி ரசீதும் கைகொடுத்தது.

விசாரணையில், ஆட்சேபணை இருக்கிறதா என்று அப்பாவைக் கேட்டார்கள். "தம்பி நிலம்யா அது" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

14 மாதம் கழித்து, அனாதீனம் என்ற பதிவை நீக்கிப் பட்டா வழங்க ஆணை வந்தது. ஆணை வந்ததும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். வட்டக் கணக்கிலும் கணினியிலும் ஏற இன்னும் இரண்டு மாதம் பிடித்தது. வாரம் தவறாமல் போய் நின்றேன். அப்புறம் ஒருநாள் இணையத்தில் நில உரிமைக் கணக்கான சிட்டா எடுத்தபோது 3பி, 0.25.0 ஹெக்டேர், சித்தப்பா பெயர்.

பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்த அன்று அதே பஸ்ஸில்தான் திரும்பினோம். சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.