ஈர மணலுக்குப் பட்டா

திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கடற்கரை என்பது வீட்டு மொட்டை மாடி மாதிரி. கரண்ட் போனால் மெரினா, பரீட்சை முடிந்தால் மெரினா, வீட்டில் சண்டை என்றாலும் மெரினா. அதற்கு ஒரு வாசல் இருக்கும், அங்கே ஒருவர் நின்று "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்பார் என்று முப்பது வயது வரை எனக்குத் தோன்றியதே இல்லை.

2016 கோடையில் பாஸ்டனுக்கு வந்தோம். வந்த மூன்றாவது வாரமே, கடல் பார்த்தே ஆக வேண்டும் என்று எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு, வடக்கே ஒரு சின்னக் கடலோர ஊருக்குக் காரை விட்டேன். கடற்கரைக்குப் பக்கத்து பார்க்கிங்கில் பலகை: உள்ளூர் ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிகளுக்கு மட்டும். அடுத்த தெருவிலும் அதே பலகை, அதற்கடுத்த தெருவிலும் அதே. முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டு, ஊர்க் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருபது நிமிடம் நடந்தோம். சரி, இத்தோடு போகட்டும் என்று பார்த்தால், மணலில் இறங்கி அலையோரமாக நடந்துகொண்டே போனபோது மேலே ஒரு வீட்டிலிருந்து தொப்பி போட்ட அம்மா ஒருவர் இறங்கி வந்தார். "இது தனியார் இடம், பொதுக் கடற்கரை அந்தப் பாறையோடு முடிந்துவிட்டது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், அதுதான் இன்னும் குத்தியது. நாங்கள் உங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லையே, அலை நனைக்கிற இடத்தில்தானே நிற்கிறோம் என்றேன். "ஈர மணலும் எங்களுடையதுதான்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இரவு வாட்ஸ்அப்பில் அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டதும் அதேதான்: "ஈர மணலுக்குக் கூடவாடா பட்டா?"

பட்டா இருக்கிறது. அந்த அம்மா சொன்னதில் தப்பே இல்லை.

அமெரிக்காவின் கடலோர மாநிலங்கள் பெரும்பாலானவற்றில், அலை ஏறி நிற்கும் கோட்டுக்குக் கீழே உள்ள ஈர மணல் பொதுச்சொத்து. பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸும் அதன் வடக்கே உள்ள மெய்னும் அப்படியில்லை. காரணம் அமெரிக்கா என்ற நாடே பிறப்பதற்கு முன்னால் நடந்தது. 1640களில் இங்கே இருந்த ஆங்கிலேயக் குடியேற்ற அரசுக்குப் படகுத்துறைகள் வேண்டும், ஆனால் கட்டக் காசில்லை. நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்று, கரையில் நிலம் வைத்திருந்தவர்களுக்குத் தண்ணீர் இறங்கி நிற்கும் எல்லை வரை நிலத்தை 1647ல் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு, 100 ராட். ராட் என்பது பழைய நில அளவு, பதினாறரை அடி. ஆக 1,650 அடி. பாஸ்டன் பக்கம் கடல் ஒரு நாளில் மூன்று மீட்டர் ஏறி இறங்கும், சென்னையில் ஒரு மீட்டரை ஒட்டித்தான். சரிவு குறைந்த கரையில் மூன்று மீட்டர் இறங்கினால் எவ்வளவு மணல் வெளியே தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். அத்தனையும் அந்த வீட்டோடு சேர்ந்தது.

எழுதிக் கொடுத்தவர்கள் பொதுமக்களுக்கு மூன்றே மூன்று உரிமைகளை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டார்கள்: மீன் பிடிக்கலாம், பறவை வேட்டையாடலாம், படகு ஓட்டலாம். அவ்வளவுதான். உலாவுவது பட்டியலில் இல்லை. குளிப்பதும் இல்லை, 1907லேயே ஒரு வழக்கில் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 1974ல் மாநிலச் சட்டமன்றம், கரையோரமாக நடந்து போகவாவது எல்லோருக்கும் உரிமை கொடுப்போமே என்று ஒரு மசோதா கொண்டுவந்தது. மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளிடம் கருத்துக் கேட்டார்கள். இழப்பீடு கொடுக்காமல் தனியார் சொத்தை எடுப்பதற்குச் சமம், கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நடப்பதற்கு! எடிசனில் இருக்கும் நண்பனிடம் இதைச் சொன்னபோது, அவன் நியூ ஜெர்சியில் கடற்கரைக்குப் போக பேட்ஜ் வாங்க வேண்டியிருக்கிறது என்று புலம்புவதை அன்றோடு நிறுத்தினான். அங்கே காசு கொடுத்தால் விடுகிறார்களே.

பறவை விஷயம் இன்னும் வேடிக்கை. வேட்டை என்பதில் பறவைகளைப் பார்த்து ரசிப்பதும் அடங்கும் என்பது மாநில அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் நிலைப்பாடு. ஆகவே கழுத்தில் பைனாகுலரோடு ஈர மணலில் நிற்கலாம், காதில் இளையராஜாவோடு நின்றால் அத்துமீறல். இங்குள்ளவர்களே இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்: கடற்கரைக்குப் போகிறாயா, தூண்டிலை எடுத்துக்கொண்டு போ.

எல்லாக் கரையும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள், புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ரெவியர் கடற்கரை இருக்கிறது. 1896ல் திறந்தது, நாட்டின் முதல் பொதுக் கடற்கரை என்று சொல்வார்கள். பாஸ்டனிலிருந்து ப்ளூ லைன் ரயிலில் ஏறினால் கடலுக்கு எதிரிலேயே இறக்கிவிடும், யாரும் எந்த ஊர் என்று கேட்கமாட்டார்கள். ஜூலையில் மணல் சிற்பத் திருவிழா நடக்கும். முதல் தடவை போனபோது ஸ்பானிஷ் பாட்டு ஒரு பக்கம், கம்போடியாவின் கெமர் மொழி பேசும் பாட்டிகள் ஒரு பக்கம், குழந்தைகள் மணலில் புரண்டுகொண்டு, எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுண்டல்தான் இல்லை. இந்தக் கடற்கரையை வடிவமைத்த சார்ல்ஸ் எலியட் 37 வயதில் இறந்துபோன மனிதர். அதற்குள் இதையும் செய்து, பொதுமக்களுக்காக நிலங்களை வாங்கிப் பாதுகாக்கும் அறக்கட்டளை ஒன்று 1891ல் உருவாகக் காரணமாகவும் இருந்துவிட்டுப் போனார். இப்ஸ்விச்சின் கிரேன் கடற்கரை இன்று அந்த அறக்கட்டளையிடம்தான் இருக்கிறது. அப்புறம் மான்செஸ்டர் பை தி சீ ஊரின் சிங்கிங் பீச்: நடந்தால் மணல் கீச்சிடும். வெளியூர்க் காரோடு போனால் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும், பாஸ்டனின் நார்த் ஸ்டேஷனில் ரயில் ஏறிப் போய் நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டு நடந்து போவதே புத்திசாலித்தனம். சொத்துரிமையைவிட பார்க்கிங் பலகைதான் பெரிய வேலி என்பது இந்த ஊரில் நான் கற்ற பாடம்.

2023 ஜூனில் அப்பா வந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் சென்னையில் மெரினாவை ஒட்டிய கடலோரச் சாலையான லூப் ரோடு விவகாரம். அப்பா நாற்பது வருஷமாக அந்தச் சாலையோர மீனவர் குப்பமான நொச்சிக்குப்பத்தில்தான் மீன் வாங்குகிறார். சாலையோர மீன் கடைகளால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாக வழக்கை எடுக்க, மாநகராட்சி கடைகளை அகற்ற, மீனவர்கள் சாலையில் இறங்கிப் போராடினார்கள். அப்பா வந்த முதல் வாரம் முழுக்க இதே பேச்சு. "அந்த மீன்காரம்மா என்னைவிட முன்னாடியிருந்து அந்த மணல்ல உட்கார்ந்திருக்கா. கார் போறதுக்காக அவளை எழுப்புறானுங்க."

நான் அவரிடம் இந்த ஊர்ச் சட்டத்தைச் சொன்னேன். இரண்டு மூன்று தடவை திரும்பத் திரும்பக் கேட்டார். அதாவது காற்று வாங்க வந்தவனைத் துரத்தலாம், மீன் பிடிக்கிறவனைத் துரத்த முடியாது, அப்படித்தானே? அப்படித்தான் என்றேன். "நம்ம ஊர்ல அப்படியே தலைகீழாடா" என்றார். நான் அதுவரை அந்த 1647 சட்டத்தைப் பணக்காரர்களின் சட்டமாக மட்டுமே பார்த்திருந்தேன். இப்போதும் அதன் மேல் எனக்கு அன்பு கிடையாது, நடப்பதைத் தடுக்கும் சட்டம் எனக்குக் கோணல்தான். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மதில் மேல் மதிலாக ரிசார்ட்டுகள் எழும்பியபோது நான் அங்கே போய் அறை எடுத்துத் தங்கியவன். இரண்டு விடுதிகளுக்கு நடுவில் கடலுக்குப் போக 20 மீட்டராவது வழி விட வேண்டும் என்று 1991 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையிலேயே இருந்தது என்பதை இங்கே வந்துதான் படித்தேன். அந்த மதிலுக்குப் பின்னால் யாருடைய படகு நின்றது என்று அப்போது நான் கேட்டதில்லை.

அப்பாவுக்கு உப்புநீர் மீன்பிடி அனுமதிச் சீட்டு எடுத்தோம். 16 வயதுக்கு மேல் எல்லோருக்கும் வேண்டும், ஆனால் 60 தாண்டியவர்களுக்கு இலவசம். வாழ்நாளில் தூண்டிலைத் தொடாதவர், வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், யூடியூபில் முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டார். அதே ஊர், அதே பாறை. தூண்டில் இருக்கிறது என்பதற்காக அடுத்தவர் தோட்டம் வழியாகவோ காய்ந்த மணல் வழியாகவோ இறங்கிவிட முடியாது, ஆகவே பொதுக் கடற்கரையிலிருந்தே, தண்ணீர் இறங்கிய நேரம் பார்த்து, ஈரத்திலேயே நடந்து பாறையைத் தாண்டினோம். வயிற்றைக் கலக்கியது எனக்குத்தான். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ராஜா மாதிரி நின்றார்.

அரை மணி நேரத்தில் மேலேயிருந்து ஒரு பெரியவர் வந்தார். நான் சட்டத்தை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். அவர் தூண்டிலைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், என்ன இரை போட்டிருக்கிறீர்கள் என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா தன் வங்கி ஆங்கிலத்தில் பதில் சொன்னார். அது இங்கே எடுபடாது என்று அவர் சொல்ல, ஏன் என்று இவர் கேட்க, இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள். ஸ்ட்ரைப்ட் பாஸ் சிக்கினால் அளந்து பார்க்காமல் வைத்துக்கொள்ளாதீர்கள், சின்னதையும் ரொம்பப் பெரியதையும் விட்டுவிட வேண்டும் என்று எச்சரித்தார். எதுவும் சிக்கவில்லை, அது வேறு விஷயம்.

இதற்குள் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது. அலைக்கும் காய்ந்த மணலுக்கும் நடுவே நாங்கள் நிற்கக்கூடிய பட்டை குறுகிக்கொண்டே வந்தது.

"அப்பா, கிளம்பலாம், தண்ணி ஏறுது."

"இன்னும் ரெண்டடி இருக்குடா" என்றார், திரும்பிப் பார்க்காமலே.