குறிகட்டுவானுக்கு அப்பால் கரண்ட்

"தம்பி, வெயிலையும் காத்தையும் கூட்டினாலும் 2,230தான் வருது. டீசல் மட்டும் 2,500 எண்டு போட்டிருக்கிறாங்கள். பிறகென்னத்துக்கு இந்தப் பனலெல்லாம்?"

நெடுந்தீவிலிருந்து அத்தான் போனில் கேட்டது இது. 2024 மார்ச் முதலாம் திகதி நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான மின்திட்ட ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1,700 கிலோவாற் சோலார், 530 கிலோவாற் காற்றாலை, 2,400 கிலோவாற் மணித்தியாலம் பற்றரி, அவற்றோடு 2,500 கிலோவாற் டீசல் ஜெனரேற்றர்கள். அத்தான் கடைக்கணக்கு எழுதிப் பழகியவர், இலக்கங்களைச் சும்மா விடமாட்டார்.

கேள்வி நியாயமானது. ஜெனரேற்றர் சேர்விஸ்தான் என் பிழைப்பு, சோலாருக்கு வக்காலத்து வாங்க எனக்குத் தேவையும் இல்லை. ஆனாலும் அந்த 2,500ஐப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை. எஞ்சின் எவ்வளவு பெரிதென்பதில் விசயம் இல்லை. ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் அதை முழுதாக நிறுத்தி வைக்கலாம் என்பதுதான் கணக்கு. நின்றுகொண்டிருக்கும் எஞ்சின் ஒரு சொட்டும் குடிக்காது.

வெளியூர்க்காரருக்காக ஒரு சின்ன விளக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை வரை தரைவழி இருக்கிறது. நாட்டின் மின்கம்பியும் அந்த வழியிலேயே வந்து நின்றுவிடுகிறது. அதற்கப்பால் படகுதான். நயினாதீவு கண்ணுக்கெட்டிய தூரம், நாகபூசணி அம்மன் கோபுரம் இங்கிருந்தே தெரியும். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். இந்தத் தீவுகளில் எரியும் பல்புக்கான டீசலும் கடல் தாண்டித்தான் போகவேண்டும். கட்டணம் மட்டும் நாடு முழுக்க ஒன்று. ஆகவே தீவில் ஒரு யூனிற் (அதாவது ஒரு கிலோவாற் மணித்தியாலம்) விற்கும்போதெல்லாம் மின்சார சபைக்கு நட்டம்.

எவ்வளவு நட்டம் என்று ஒரு குத்துமதிப்புப் போடலாம். நல்ல சுமையில் ஓடும் டீசல் எஞ்சின் ஒரு யூனிற்றுக்கு 0.28, 0.3 லீற்றர் எடுக்கும். 2022 ஜூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபா. அதாவது எரிபொருளுக்கு மட்டும் யூனிற்றுக்கு 130 ரூபா அளவில் வரும். ஒயில், பில்டர், கடல்வழி ஏற்றிறக்கு எல்லாம் வேறு. அதே டீசல் அந்த வருடம் தொடங்கும்போது 121 ரூபா. ஆறு மாதத்துக்குள் கிட்டத்தட்ட நாலு மடங்கு. அதுவும் கையில் கிடைத்தால்தான்! அந்த நாட்களில் படகுக்கு டீசல் தேடுவதே பெரும்பாடு.

இது நல்ல சுமையில் ஓடும்போது. தீவுகளில் பெரும்பாலும் அப்படி ஓடுவதில்லை என்பதுதான் பிரச்சினையின் அடிவேர்.

தீவொன்றில் ஒரு சின்ன விடுதிக்குப் போன வருடம் ஜெனரேற்றர் பார்க்கப் போனேன். 30 கேவிஏ மெசின். ஏசி போடும் எண்ணத்தில் பெரிதாக வாங்கியிருக்கிறார்கள். ஏசி வரவில்லை. இரண்டு பிறீசர், கொஞ்ச பல்பு, ஒரு தண்ணி மோட்டர், அவ்வளவுதான் சுமை. சைலன்சர் மூட்டில் கையை வைத்தால் தார்போலக் கறுப்பாக ஒட்டியது. இளகிய பிசின், டீசல் மணம். மூட்டைக் கழற்றினேன், அதே சாமான் குழாய்க்குள் வழிந்து கிடந்தது. முதலாளி "ஒயில் லீக்கா?" என்று கேட்டார். ஒயில் அல்ல, எரியாத டீசலும் கரியும் சேர்ந்தது. சுமை குறைவாக இருந்தால் சிலிண்டருக்குள் போதிய சூடு ஏறாது. டீசல் முழுதாக எரியாமல் புகைக்குழாய்க்குள் போய்ப் படியும். தொடர்ந்து முப்பது வீதச் சுமைக்குக் கீழே ஓட்டினால் எந்தக் கொம்பன் கொம்பனியின் எஞ்சினுக்கும் இதுதான் கதி.

டீசல் செலவும் அப்படியே. 100 கிலோவாற் மெசின் ஒன்றை முழுச்சுமையில் ஓட்டினால் மணிக்கு 28 லீற்றர் போல எடுத்து 100 யூனிற் தரும். கால் சுமையில் ஓட்டினால் 25 யூனிற்தான் தரும், ஆனால் டீசல் 7 லீற்றருக்கு இறங்காது. 10 லீற்றர் அளவில் குடிக்கும். இரவு ஒருமணிக்கு ஊரே உறங்க, பிறிட்ஜும் பானும் மட்டும் ஓடும் தீவில் எஞ்சின் இந்த நிலையில்தான் நிற்கும்.

இப்போது பற்றரி இல்லாமல் எல்லார் கூரையிலும் பனல் போட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். பகலிலும் எஞ்சினின் சுமை கீழே போகும். ஆனால் அதை நிற்பாட்ட முடியாது. சாதாரணக் கூரை இன்வேற்றர், அதாவது பனலின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி, தானாகக் கரண்ட் உண்டாக்காது, எஞ்சின் தரும் கரண்டின் அலைத் தாளத்தைப் பார்த்துத்தான் கூடச் சேரும். எஞ்சின் நின்றால் வெயில் கொளுத்தினாலும் அதுவும் நின்றுவிடும். "எங்கட தீவில எல்லா வீட்டுக்கும் சோலார் குடுத்தா டீசலே வேண்டாம்" என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் களைத்துவிட்டேன். பனல் போட்ட அளவுக்கு டீசல் மிச்சம் வராது, எஞ்சின்தான் கரிபிடிக்கும்.

ஆகவே என் கண்ணில் அந்தத் திட்டத்தின் உயிர் 2,400 கிலோவாற் மணித்தியாலப் பற்றரியும், தானே தாளம் போடக்கூடிய பெரிய இன்வேற்றர்களும்தான். மூன்று தீவும் சேர்ந்து இரவில் சராசரி 200 கிலோவாற் எடுப்பதாக வைத்துக்கொண்டால் 12 மணித்தியாலத்துக்குக் கணக்குச் சரி. பற்றரியை அடிவரை வழிக்கக்கூடாது என்பதால் உண்மையில் அதைவிடக் குறையும். பகலில் 1,700 கிலோவாற் பனல் நல்ல நாளில் ஏழாயிரம் யூனிற் அளவில் தரும், எங்கள் பக்கம் ஒரு கிலோவாற்றுக்கு நாளுக்கு நாலு யூனிற் என்பது சோலார் பூட்டுகிறவர்களின் வழமையான கணக்கு.

காற்றாலை எதற்கு என்றும் அத்தான் கேட்டார். சோழகம் (தென்மேற்குப் பருவக்காற்று) அடிக்கும்போது நெடுந்தீவுப் படகில் ஏறியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை இரவு பகல் பாராமல் அடிக்கும். அந்தக் காலத்தில் கடல் கொந்தளித்து டீசல் கொண்டுபோவதும் கஷ்டம், அதாவது தேவையான நேரத்தில்தான் காற்று கைகொடுக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில்தான் சிக்கல். சோழகம் ஓய்ந்து வாடை (வடகிழக்குக் காற்று) நிலைக்கும்வரை காற்றும் இல்லை, மழை முகிலால் வெயிலும் இல்லை. அப்படி நாலு நாள் தொடர்ந்தால் பற்றரி கையை விரிக்கும். அந்த நாலு நாளுக்குத்தான் அந்த 2,500. இதைச் சொன்னதும் அத்தான் "அப்ப சரி" என்றார், முழு மனதோடு அல்ல.

இந்தத் திட்டம் வந்த பாதையும் சொல்லத்தக்கதுதான், ஆனால் எரிச்சலான கதை. 2021 ஜனவரியில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் பணத்தில் சீன நிறுவனமொன்றுக்கு வேலை கொடுக்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. அந்த டிசம்பரில் சீனா விலகிக்கொண்டு மாலைதீவில் 12 தீவுகளுக்குச் சோலார் போடப் போகிறோம் என்றது. 2022 மார்ச்சில் இந்தியா நன்கொடையாகத் தருவதாக உடன்படிக்கை வந்தது. இரண்டு வருடம் கழித்து ஏறத்தாழ 11 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தம். இடையில் டீசல் 121இலிருந்து 460க்குப் போய்க் கொஞ்சம் இறங்கியும் விட்டது. எங்களைக் கேட்டால் யார் போட்டாலும் பரவாயில்லை என்றுதான் சொல்லியிருப்போம். கேட்கவில்லை.

ஸ்கொட்லாந்தின் மேற்குக்கரையில் எய்க் என்று ஒரு தீவு இருக்கிறது. நூறு பேர் அளவில்தான் சனம். 2008 பெப்ரவரி வரை பெரும்பாலான வீடுகள் தன்பாட்டில் ஜெனரேற்றர் வைத்திருந்தன. இப்போது நீர், காற்று, வெயில் மூன்றும் சேர்ந்த சொந்த மின்தொகுதி, பின்னால் டீசல். எனக்குப் பிடித்தது அவர்களுடைய ஒழுங்கு. ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாற்றுக்கு மேல் எடுக்க முடியாது, கடைகண்ணிக்கு 10. மின்சாரம் மிஞ்சினால் பொதுக் கட்டடங்களைச் சூடாக்குகிறார்கள்.

நமக்குக் கட்டடம் சூடாக்கும் தேவை இல்லை, சும்மாவே வேகிறது. ஆனால் ஐஸ் வேண்டும், தண்ணீர் வேண்டும். மீன்பிடிக்கும் தீவில் மத்தியான வெயிலில் ஐஸ் அடித்து வைத்தால் அதுவும் ஒருவகைச் சேமிப்புத்தான், பற்றரியைவிட மலிவு. உவர்த்தண்ணீரைக் குடிநீராக்கும் மெசின், தண்ணித்தாங்கிக்கு அடிக்கும் மோட்டர், இவற்றையெல்லாம் பின்னேரம் ஆறுமணிக்கு ஓடவிடாமல் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் ஓட்டவேண்டும். இதற்கு டொலர் தேவையில்லை, ஒரு நேரசுவிச்சு போதும். இல்லாவிட்டால் பற்றரி நிறைந்த மத்தியானங்களில் பனல்களைக் குறைத்து ஓட்டி வெயிலை வீணாக்கிவிட்டு, இரவில் எஞ்சினை உசுப்ப வேண்டிவரும்.

எனக்குள்ள பயம் வேறு. உப்புக்காற்று. எழுவைதீவில் சூரியன், காற்று, பற்றரி, டீசல் சேர்ந்த சின்னத் தொகுதி ஒன்று ஏற்கெனவே போடப்பட்டது, அந்தச் சூழல்தான் மற்றத் தீவுகளிலும். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு வீட்டில் சோலார் பெட்டியைத் திறந்தேன், பூட்டி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. செப்பு முனைகளில் பச்சைக் களிம்பு. ஒரு முனையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே கம்பி கறுத்து நூல்நூலாக உதிர்ந்தது. மூடியின் றபர் ஒரு மூலையில் மடிந்திருந்தது, வேறொன்றுமில்லை. வீட்டுக்காரருக்கு "பனல் கூடாத பனல்" என்று சொல்லி வைத்திருந்தார்கள். பனலுக்கு ஒன்றுமே இல்லை. ஈயம் பூசிய முனை போட்டு, கிறீஸ் தடவி, றபரை மாற்றினேன், ஓடுகிறது.

பனலுக்கு 25 வருடம் என்று எழுதித் தருவார்கள். இன்வேற்றருக்குள் இருக்கும் மின்சுற்று அட்டைக்கும் மின்விசிறிக்கும் அந்த ஆயுள் இல்லை. அது பழுதானால் கொழும்பிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஆள் வரும்வரை டீசல்தான் ஓடும், கடல் சரியில்லையென்றால் அதற்கு மேலும் ஓடும். ஆகவே மாற்று அட்டைகள் தீவிலேயே பெட்டிக்குள் இருக்கவேண்டும், பூட்டத் தெரிந்த ஆளும் தீவிலேயே இருக்கவேண்டும். ஏ.எல் முடித்துவிட்டு வெளிநாட்டு ஏஜென்சிக்குக் காசு தேடிக்கொண்டிருக்கும் பெடியங்கள் ஒவ்வொரு தீவிலும் இருக்கிறார்கள். ஒரு தீவுக்கு நாலு பேரையாவது பிடித்து, சம்பளம் போட்டு, கட்டும் வேலை நடக்கும்போதே பக்கத்தில் நிற்க விடவேண்டும். கேபிள் எந்தப் பக்கத்தால் போகிறது, எந்தப் பெட்டியில் எந்த பியூஸ் என்று கையால் தொட்டுப் பழகினால்தான் நடுச்சாமத்தில் லைற் போகும்போது அவர்களால் எதாவது செய்யமுடியும்.