இருவாச்சியின் அலகு

பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் போகிற சாலையில், இரும்புச் சிற்பம் செய்கிற என் பட்டறை. பழைய இரும்புக் கடையில் லாரியின் அதிர்வு தாங்கும் வளைந்த கமான் பட்டை ஒன்றைப் பார்த்ததுமே இருவாச்சிப் பறவையின் அலகு தெரிந்துவிட்டது. நான் வரைந்து தொடங்குவதில்லை. இரும்பின் வளைவுதான் முதலில்.

கமான் பட்டையில் கரிச்சத்து அதிகம், வெல்டிங் சூடு சட்டென்று ஆறினால் விரிசல் விடும். அப்படியே வெல்டிங் வைத்தேன், ராத்திரி ‘டிக்’கென்று ஒரு சத்தம். விளிம்பில் முடி போல விரிசல். அப்புறம் முன்பே சூடேற்றி, விரிசலைக் குறைக்கும் லோ ஹைட்ரஜன் வெல்டிங் ராடு போட்டு, காய்ந்த சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டேன். நின்றது.

இறகுகளுக்கு சைக்கிள் செயின். வெல்டிங் மேல் படிந்த கசடைத் தட்டினால், அடியில் வெல்டிங் தடம் மீன் செதில் மாதிரி வரி வரியாக மினுங்குகிறது. அதைத் தேய்த்து மறைக்க மனம் வரவில்லை, கழுத்தில் அப்படியே விட்டேன்.

அம்மா பார்த்துவிட்டு, “கண்ணு எங்க சாமி?” என்றார். பேரிங் குண்டு ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.