ஈரம் காயாத இமையும் 57 சதவீதமும்

காதல் நகைச்சுவைப் படம் ஒன்று முடிந்து விளக்கைப் போட்டார்கள். பக்கத்து இருக்கைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இடைவேளை வரை விழுந்து விழுந்து சிரித்தவரும் அவர்தான்.

துடைத்த கையோடு செல்போனை எடுத்து, பட விமர்சனங்களைத் திரட்டித் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தைப் பார்த்தார். 57 சதவீதம்.

“சுமார்தான் போல” என்றார் மனைவியிடம்.

இமையில் ஈரம்கூடக் காயவில்லை மனுஷனுக்கு!

அந்த 57 என்பது மார்க் இல்லை. விமர்சனம் எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்குப் படம் தேறியது என்ற கணக்கு, அவ்வளவுதான். எல்லாரும் ‘பரவாயில்லை, பார்க்கலாம்’ என்று எழுதினாலே ஒரு படம் 100 வாங்கிவிடும். பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடி, மீதிப் பேர் உதட்டைப் பிதுக்கினால் 50. அறுபதுக்குக் கீழே போனால் ‘ராட்டன்’, அதாவது அழுகல் முத்திரை.

காதல் நகைச்சுவைப் படம் என்றால் விமர்சகர்கள் தவறாமல் எழுதும் ஒரு வரி உண்டு: ‘முடிவு முன்பே தெரிந்துவிடுகிறது.’

தெரியாமல் இருக்குமா? போஸ்டரிலேயே இருவரும் தோளில் சாய்ந்துதானே நிற்கிறார்கள்! சேர்வார்களா என்று பார்க்கவா போகிறோம்? இந்த இரண்டு பிடிவாதக்காரர்களும் எப்படி வழிக்கு வருகிறார்கள் என்பதில்தான் சுவையே. 1934-இல் ‘இட் ஹேப்பண்ட் ஒன் நைட்’ என்ற ஹாலிவுட் படம் இதே சண்டையும் சமாதானமுமாகத்தான் வந்தது. ஆஸ்கரின் ஐந்து முக்கிய விருதுகளையும் அள்ளிக்கொண்டு போனது.

சரி, அவரிடம் இதையெல்லாம் சொல்லவா முடியும்.

படி இறங்கும்போது அவர் மனைவி கேட்டார்: “சுமார்னா எதுக்கு அழுதீங்க?”

“ஏசி கண்ணுல பட்டுச்சு.”