கறுப்பு உடுப்பு

மார்ச் 3

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் இருக்கும் எக்ஸிட்டரில் நான் வேலைக்குப் போகும் வழி சிட்வெல் தெரு. அது ஒரு பெண்ணின் பெயர் என்று இன்றுதான் தெரிந்தது. மாற்றாந்தாய் ஏவிவிட, அறுப்புக்காரர்கள் அரிவாளால் தலையை வெட்டினார்களாம், புனிதையாகிவிட்டாள். 1520-ல் அதே டெவனில் மோர்பாத் என்ற குட்டி ஊருக்குப் பங்குச் சாமியாராகப் போன கிறிஸ்டபர் ட்ரிக்கி அவளுடைய சுரூபத்தை அங்கே வைத்திருக்கிறார். அதற்குப்பின் ஊரில் பெண் குழந்தைகளுக்கு சிட்வெல் என்றே பெயர் வைக்க ஆரம்பித்தார்கள்.

அந்தச் சர்ச்சின் அக்கால வரவுசெலவுக் கணக்கு இன்னும் இருக்கிறது. நூலகத்தில் அச்சுப் பிரதி கிடைத்தது.

மார்ச் 6

அன்றைய மோர்பாத்தில் மொத்தமே 33 வீடுகள். ஆனால் சர்ச்சுக்குச் சொந்தமாக ஆடுகள் உண்டு! மாதாவுக்குத் தனி ஆடு, சிட்வெலுக்குத் தனி ஆடு. வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டு தங்கள் மந்தையோடு மேய்த்தார்கள். உரோமம் விற்ற காசு சுரூபத்துக்கு முன்னால் எரியும் மெழுகுதிரிக்கு. ஆடு செத்தால் அதற்கும் கணக்குச் சொல்ல வேண்டும். இளைஞர்களுக்கு ஒரு நிதி, கன்னிப்பெண்களுக்கு ஒரு நிதி. வருஷா வருஷம் பீர் காய்ச்சி ஊரே கூடிக் குடித்து அந்த லாபத்தையும் சர்ச்சில் சேர்ப்பார்கள். (எனக்குப் பிடித்த வசூல் முறை இதுதான்.)

சர்ச்சின் பணத்தைப் பார்த்துக்கொள்ளும் ஊர்க்காரர்களுக்கு வார்டன்கள் என்று பெயர். அவர்கள் சொல்வதுபோல் 'நான் வாங்கினேன், நான் கொடுத்தேன்' என்று கணக்கை எழுதுவது சாமியார். பிறகு அதை ஊருக்கு முன் வாசித்துக் காட்டுவார். வார்டனாகப் பெண்களும் இருந்திருக்கிறார்கள்.

மார்ச் 9

1534-ல் திருட்டு. கள்ளன் ஏணி வைத்துக் கூரையில் ஏறியிருக்கிறான். ஏறினவன் ஏணியையும் மேலே இழுத்துக்கொண்டு, அதைக் கோபுர ஜன்னலுக்குச் சாத்தி உடைத்து உள்ளே இறங்கியிருக்கிறான். போனது பூசைக் கிண்ணமும் சிட்வெலின் வெள்ளிச் செருப்பும். சாமியார் இதை எழுதியிருக்கும் விதத்தில், ஏணியை இழுத்த அந்தச் சாமர்த்தியத்தில் அவருக்கே கொஞ்சம் வியப்பு இருந்த மாதிரி தோன்றுகிறது. அப்புறம் ஊர்ப் பையன்களும் பெண்களும் தாங்களே வசூலித்துப் புதுக் கிண்ணம் வாங்கிவிட்டார்கள். சர்ச்சுக் கணக்கில் ஒரு பென்னி செலவில்லை.

மார்ச் 15

மோர்பாத்துக்கே போய்வந்தேன். டிவர்ட்டன் தாண்டியதும் பாதை ஒரு கார் அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. எதிரே டிராக்டர் வர, சேற்றில் பின்னாலேயே கால் மைல் வர வேண்டியதாயிற்று. சர்ச்சில் ட்ரிக்கி காலத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். 19-ஆம் நூற்றாண்டுப் பழுதுபார்ப்பு நிறைய மாற்றிவிட்டது. கோபுரத்துக்கே வீட்டுக் கூரை மாதிரி இரண்டு பக்கச் சரிவு. சுவருக்கு அந்தப் பக்கம் ஆடுகள். யாருடையதோ.

மார்ச் 18

சாமியாருக்கு ஓர் ஆசை: செத்தவர்களுக்கான பூசையில் உடுத்த நல்ல கறுப்பு உடுப்பு. 20 வருஷம் காசு சேர்த்திருக்கிறார். பக்கம் புரட்டும்போதெல்லாம் அந்த நிதி கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. நானே கூடச் சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டேன். 1547-ல் உடுப்பு வந்தது. அதே வருஷம் எட்டாம் ஹென்றி இறந்தார். சிறுவன் எட்வர்டின் அரசு செத்தவர்களுக்கான பூசையையே ஒழித்துக்கட்டியது. சுரூபங்களும் போயின, மெழுகுதிரிகளும் போயின. மெழுகுதிரி இல்லாதபோது ஆடு எதற்கு? விற்றுவிட்டார்கள்.

1549-ல் புது ஆங்கில ஜெபப் புத்தகத்தை எதிர்த்து டெவனில் கலகம். எக்ஸிட்டரை முற்றுகையிட்டவர்களோடு சேர மோர்பாத்திலிருந்து 5 இளைஞர்கள் போனார்கள். வழிச்செலவுக்குச் சர்ச்சே காசு கொடுத்திருக்கிறது. அதுவும் கணக்கில் இருக்கிறது, உரோமம் விற்ற வரியைப் போலவே ஒரு வரியாக.

மார்ச் 21

1553-ல் கத்தோலிக்கரான மேரி அரசியானதும் பழைய பூசை திரும்பியது. வீடுகளில் ஒளித்துவைத்திருந்த சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. யார் எதைக் கொண்டுவந்தார் என்று சாமியார் பெயர் போட்டு எழுதியிருக்கிறார். சந்தோஷம் எழுத்திலேயே தெரிகிறது. 5 வருஷம்தான். அப்புறம் புரட்டஸ்டண்டான எலிசபெத் அரசியானார், மறுபடி எல்லாம் தலைகீழ்.

அலுவலக நண்பரிடம் சொன்னேன். "காற்றடிக்கும் பக்கம் சாய்ந்த ஆள்" என்றார். இருக்கலாம். ஆனால் நான்கு ஆட்சிகள் மாறியும் 1574-ல் சாகும்வரை அதே ஊரில்தான் இருந்தார். கடைசி வருஷங்களிலும் கணக்கு எழுதியது அதே கைதான்.