கென்னடி ஸ்டேஷன்ல இருந்து கிங் வரைக்கும்

எங்க அப்பா கோவில்பட்டியில ஸ்டுடியோ வச்சிருந்தார். அதுனால போட்டோன்னா சின்ன வயசுல இருந்தே எனக்கு ஒரே அர்த்தம் தான், ஒருத்தர் தலைய படிய சீவிட்டு வந்து ஸ்டூல்ல உக்காருவாங்க, தேவைப்பட்டா ஆணியில மாட்டிருக்குற கோட்ட எடுத்து போட்டுக்குவாங்க, அப்பா பக்கத்துல போய் தாடைய ரெண்டு விரலால லேசா இறக்கி விட்டுட்டு "கண்ண சிமிட்டாம இங்க பாருங்க"ம்பார், கிளிக். எடுக்குறவரும் சம்மதம், எடுத்துக்குறவரும் சம்மதம். கனடாவுல டொரான்டோ வந்து இப்ப மூணாவது விண்டர் ஓடுது, இங்க நான் எடுக்குற படங்கள்ல ஒருத்தர் கூட கேமராவ பாக்குறதில்ல. இந்த ரெண்டுக்கும் நடுவுல நான் என்ன கத்துக்கிட்டேன்னு தான் எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

நான் இருக்குறது டொரான்டோவோட கிழக்குப் பக்கம், ஸ்கார்பரோவுல ஒரு பேஸ்மென்ட்ல. மேல வீட்டுக்காரங்க யாழ்ப்பாணத்து அன்ரி. எனக்கு வேலை டவுன்டவுன்ல, கிங் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ். முதல் விண்டர் எப்படி போச்சுன்னு கேட்டா இருட்டா போச்சுன்னு தான் சொல்லுவேன். டிசம்பர் கடைசி, ஜனவரி ஆரம்பத்துல இங்க சூரியன் வர்றதுக்கு 7:50 ஆயிரும், சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் போயிரும், என் சீட் பக்கத்துல ஜன்னலும் கிடையாது, பேஸ்மென்ட்ல இருக்குற ஜன்னல ஸ்னோ வந்து மூடிரும். திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் வெயில கண்ணால பாக்காமலே ஒரு வாரம் முடிஞ்சிரும். கோவில்பட்டி வெயில்ல வளந்தவளுக்கு இது உடம்புக்குள்ள என்னமோ பண்ணுச்சு, சும்மா உக்காந்திருந்தாலே அழுகை வரும், காரணம் சொல்லத் தெரியாது.

அப்ப ஒரு நாள் நடந்தது தான் இது. பஸ்ஸ புடிச்சு கென்னடி ஸ்டேஷன் வந்து, அங்க இருந்து லைன் 2 சப்வே ரயில்ல மேற்கு பக்கமா போய், புளோர் யங்ல இறங்கி லைன் 1 மாறி கிங், இது தான் தினமும் என் ரூட். லைன் 2 முக்காவாசி பூமிக்கு அடியில தான் போகும், ஆனா பிராட்வியூ தாண்டி காசில் ஃபிராங்க் வர்றதுக்கு முன்னாடி டான் பள்ளத்தாக்குக்கு மேல ஒரு பெரிய பாலம் இருக்கு, புளோர் வயடக்ட்னு சொல்லுவாங்க. மேல் தட்டுல கார் போகும், கீழ் தட்டுல ரயில் போகும். அன்னைக்கு நான் வழக்கம் போல போன்ல தலைய கவுத்துக்கிட்டு நின்னேன், ரயில் சுரங்கத்துல இருந்து பாலத்துக்கு வந்துச்சு, இடது பக்கம் அப்ப தான் எந்திரிச்ச சூரியன், கீழ பள்ளத்தாக்கு முழுக்க வெள்ள, அந்த வெளிச்சம் பாலத்தோட இரும்புத் தூணுங்களுக்கு இடையில புகுந்து பெட்டிக்குள்ள இருந்த ஒவ்வொருத்தர் முகத்து மேலயும் விட்டு விட்டு ஓடுச்சு, வெளிச்சம் நிழல் வெளிச்சம் நிழல்னு, ஒரு அரை நிமிஷம் இருக்கும், அவ்வளவு தான், திரும்ப சுரங்கம். எதிர்ல இருந்த ஒரு வயசான சர்தார்ஜி கண்ண மூடிக்கிட்டு முகத்த அந்த வெளிச்சத்துக்கு காட்டிக்கிட்டு இருந்தார், வாங்கிக்கிற மாதிரி. நான் தலைய தூக்கலேன்னா இதப் பாத்திருக்கவே மாட்டேன்.

அந்தப் பாலத்தப் பத்தி அப்புறம் படிச்சேன். 1918ல திறந்தது. அப்ப டொரான்டோவுல சப்வேயே கிடையாது, ஆனா என்னைக்காவது ரயில் வரும்னு கீழ ஒரு தட்டு போட்டு தான் கட்டிருக்காங்க. ரயில் வந்தது 1966ல. கிட்டத்தட்ட 48 வருஷம் அந்தத் தட்டு சும்மா காத்துக்கிட்டு இருந்திருக்கு. எனக்கு இத நினைச்சாலே நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணும், வேற எந்த டூரிஸ்ட் இடமும் இந்த ஊர்ல எனக்கு இவ்வளவு நெருக்கமா பட்டதில்ல.

அந்த மாசச் சம்பளத்துல கொஞ்சம், அடுத்த மாசம் கொஞ்சம் எடுத்து வச்சு செகண்ட் ஹேண்ட்ல ஒரு ரிக்கோ ஜிஆர் 3 கேமரா வாங்கினேன். ஜாக்கெட் பாக்கெட்டுக்குள்ள அடங்கிரும், லென்ஸ மாத்த முடியாது, ஜூமும் கிடையாது, கொஞ்சம் அகலமா தெரியும், அதுனால ஆளுங்க கிட்டக்க போய் தான் ஆகணும். அதுல ஸ்னாப் ஃபோகஸ்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு மீட்டர்னு முன்னாடியே வச்சுட்டா பட்டன ஒரே அமுக்கா அமுக்குனதும் ஃபோகஸ தேடாம எடுத்துரும். க்ளவுஸ் போட்ட கையோட நகர்ற கூட்டத்துல நிக்குறவங்களுக்கு இது பெரிய உதவி.

முதல்ல எடுத்த ஸ்னோ படம் எல்லாம் சாம்பலா, அழுக்கா வந்துச்சு. அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். அவர் வாழ்க்கையில ஸ்னோ பாத்ததே இல்ல. ரெண்டு நிமிஷத்துல போன் பண்ணிட்டார்.

"ஏம்மா, வெள்ள வேட்டி வெள்ள சட்டையில மாப்பிள்ளை நின்னா நாம என்ன பண்ணுவோம்? மீட்டர் சொல்றதுக்கு மேல ஒரு ஸ்டாப் கூட்டி வைப்போம்ல? அதே கணக்கு தான். மீட்டருக்கு வெள்ளையும் தெரியாது கருப்பும் தெரியாது, எதப் பாத்தாலும் நடுவுல கொண்டு வந்து நிறுத்தும்."

மீட்டர்னா கேமராவுல வெளிச்சத்த அளக்குறது, ஒரு ஸ்டாப் கூட்டுறதுன்னா வெளிச்சத்த ரெண்டு மடங்கா உள்ள விடுறது. கூட்டி வச்சேன், ஸ்னோ வெள்ளையா வந்துச்சு. பேட்டரி விஷயம் மட்டும் நானா பட்டு தெரிஞ்சுக்கிட்டேன். மைனஸ் 15ல ஃபுல் சார்ஜ் காட்டுற பேட்டரி இருபது நிமிஷத்துல படுத்துரும், உள் சட்டைப் பாக்கெட்டுல இன்னொண்ண உடம்புச் சூட்டுல வச்சிருந்து மாத்தி மாத்தி போடணும், படுத்ததையும் சூடு பண்ணா கொஞ்சம் உயிர் வரும். இன்னொண்ணு, வெளிய குளிர்ல இருந்த கேமராவோட அப்படியே ஸ்டேஷனுக்குள்ள ஓடக் கூடாது, உள்ள இருக்குற ஈரக் காத்து பட்டதும் லென்ஸ் மேல, சில நேரம் உள்ளேயும், தண்ணி கோத்துக்கும். வெளியவே ஜிப்லாக் கவர்ல போட்டு இறுக்கி மூடிட்டு உள்ள போய், கேமரா சூடேறுற வரைக்கும் பிரிக்காம இருக்கணும், தண்ணி எல்லாம் கவர் மேல கோத்துக்கும். அதுனால கென்னடியில ரயில் ஏறுறப்ப கவர்ல போட்டா பிராட்வியூ வர்றப்ப தான் எடுக்க முடியும். பாலத்துக்கு சரியா இருக்கும்.

கென்னடியில பஸ் நிக்குற இடம் தான் எனக்குப் பள்ளிக்கூடம். ஸ்கார்பரோ ஆர்டின்னு ஒரு ரயில் ஓடிக்கிட்டு இருந்துச்சு, 2023 ஜூலைல நின்னுருச்சு, அதுல போன கூட்டமும் இப்ப பஸ்ல தான். காலையில ஆறரைக்கு அங்க போய் நின்னு பாருங்க, நர்ஸ் டிரஸ் மேல ஜாக்கெட் போட்டவங்க, ஃபேக்டரி ஷூ போட்டவங்க, காலேஜ் பசங்க, எல்லாருக்கும் மூச்சு வாயில இருந்து புகையா வருது, பஸ் கதவு திறந்ததும் கண்ணாடி போட்டவங்க எல்லாருக்கும் ஒரே நேரத்துல கண்ணாடி மங்கிரும், ஒரு நொடி எல்லாரும் அப்படியே நிப்பாங்க. நான் முதல்ல முகத்த எடுக்கப் பயந்து கால தான் எடுத்தேன். இங்க ரோட்டுல ஐஸ் உருகுறதுக்கு உப்பு கொட்டுறாங்க, அது ஸ்னோ தண்ணியில கரைஞ்சு பூட்ஸுல ஏறி, காஞ்சதும் வெள்ள வெள்ளையா கோடு விட்டுரும். ஒரு கருப்பு பூட்ஸ், கணுக்கால் வரைக்கும் மூணு கோடு, ஒண்ணுக்கு மேல ஒண்ணு, மூணு நாள் ஸ்னோ அப்படியே பதிஞ்ச மாதிரி. தூத்துக்குடி உப்பளத்துல வேல பாக்குற பொம்பளைங்க காலுல இதே வெள்ளைய நான் பாத்திருக்கேன். அந்தப் படத்த இன்னமும் வச்சிருக்கேன், யார் காலுன்னு எனக்குத் தெரியாது.

அப்புறம் மெதுவா தலைய தூக்கி முகத்துக்கு வந்தேன். அங்க தான் பிரச்சினையும் வந்துச்சு. ஒருத்தர் நேரா வந்து "என்னைய எடுத்தியா"ன்னு கேட்டார், கோவமா இல்ல, கொஞ்சம் பயத்தோட. எனக்கு கை நடுங்கிருச்சு. படத்தக் காட்டினேன், அவர் முன்னாடியே அழிச்சேன், ஸாரின்னேன். அவர் தலைய ஆட்டிட்டு போயிட்டார். அன்னைக்கு முழுக்க வேலையே ஓடல. ராத்திரி உக்காந்து சட்டம் என்னன்னு தேடினேன். கியூபெக்ல 17 வயசுப் பொண்ணு ஒருத்தி ஒரு கட்டட வாசப்படியில உக்காந்திருந்தத கேக்காம எடுத்து ஒரு பத்திரிகையில போட்டுட்டாங்க, கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1998ல அவளுக்கு 2000 டாலர் நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லி தீர்ப்பு வந்துச்சு. அது கியூபெக் மாகாணத்தோட உரிமைச் சாசனத்த வச்சு வந்தது, நான் இருக்குறது ஒன்டாரியோ. ஆனா எனக்கு மனசுல நின்னது மாகாணக் கணக்கு இல்ல, அந்தப் பொண்ணு சும்மா படியில உக்காந்திருந்தா, அவ்வளவு தான்.

வாக்கர் எவன்ஸ்னு ஒரு அமெரிக்க போட்டோகிராஃபர், 1938ல இருந்து 41 வரைக்கும் நியூயார்க் சப்வேயில கோட்டுக்குள்ள கேமராவ ஒளிச்சு வச்சு, பட்டனுக்கு இடையில லென்ஸ் மட்டும் எட்டிப் பாக்குற மாதிரி வச்சு, எதிர் சீட்டுக்காரங்கள எடுத்தார். அந்தப் படங்கள் புத்தகமா வந்தது 1966ல தான். நான் அந்தப் படங்களப் பாத்து அசந்து போயிருக்கேன், எவ்வளவு களைப்பு, எவ்வளவு தனிமை அந்த முகங்கள்ல. அதே மாதிரி எடுக்கணும்னு எனக்கும் ஆசை வந்துச்சு, அதையும் மறைக்காம சொல்லணும்.

போன வருஷம் பிப்ரவரியில ஒரு படம் எடுத்தேன். ஒரு அம்மா, அம்பது வயசு இருக்கும், க்ளீனிங் கம்பெனி டிஷர்ட் ஜாக்கெட்டுக்குள்ள தெரியுது, தலை கண்ணாடியில சாஞ்சிருக்கு, வாய் லேசா திறந்திருக்கு, மடியில டிபன் பைய ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சிருக்காங்க. தூக்கத்துலயும் அந்தப் புடி விடல. என் படங்கள்லயே அது தான் பெஸ்ட்னு நினைச்சேன், பெருமையா மேல போய் அன்ரி கிட்ட காட்டினேன்.

அன்ரி கண்ணாடி போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் மெதுவா கேட்டாங்க, "பிள்ளை, இவவைக் கேட்டோ எடுத்தனீங்கள்?"

"இல்ல அன்ரி, தூங்கிட்டு இருந்தாங்க."

"நானும் டவுன்டவுனில இரவு கிளீனிங் வேலை செய்தனான், பதினெட்டு வருசம். விடியக் காலமை இந்த ரெயினிலதான் வாறது. ஏறினா நித்திரை, கென்னடி வந்தாத்தான் முழிப்பு. என்னையும் ஆராவது இப்பிடி வாயைத் திறந்துகொண்டு கிடக்கேக்க எடுத்து வச்சிருப்பினமோ?"

அவங்க கோவப்படல. டீ ஊத்தப் போயிட்டாங்க. எனக்கு தான் அங்க உக்கார முடியல. எங்க அப்பா ஒருத்தர் தாடைய தொடுறதுக்கு முன்னாடி கூட "தொடலாமா"ன்னு கண்ணால கேப்பார், நான் பாத்து வளந்திருக்கேன். நான் அந்தம்மாவோட களைப்ப எடுத்துட்டு வந்து என் திறமைன்னு காட்டிக்கிட்டு இருந்தேன். கீழ இறங்கிப் போய் படத்த அழிச்சேன். கஷ்டமா இருந்துச்சு, இப்பவும் அந்தப் படம் அப்படியே ஞாபகம் இருக்கு, ஆனா அழிச்சது சரி தான். அதுல இருந்து தூங்குறவங்கள எடுக்குறதில்ல, அழறவங்கள எடுக்குறதில்ல, குழந்தைங்கள பெத்தவங்க கிட்ட கேக்காம எடுக்குறதில்ல. யாராவது கவனிச்சுட்டா கேமராவ ஒளிக்காம சிரிச்சு தலையாட்டுறேன், முக்காவாசி பேர் திரும்ப சிரிக்கிறாங்க, வேண்டாம்னு கை காட்டினா இறக்கிருவேன். படம் குறைஞ்சு போச்சு. ஆனா யூனியன் ஸ்டேஷன் பெரிய ஹால்ல ஜன்னல் வெளிச்சம் கல்லுத் தரையில விழுற இடத்துல நின்னா ஒவ்வொருத்தரும் அதக் கடந்து போறப்ப ஒரு நொடி மின்னிட்டுப் போறாங்க, கிங் ஸ்ட்ரீட்ல சாயங்காலம் ஸ்ட்ரீட்கார், அதான் ரோட்டுல ஓடுற ட்ராம், அதோட கண்ணாடி முழுக்க மங்கி இருக்கும், உள்ள இருக்குறவங்க எந்த ஸ்டாப்னு பாக்க சட்டைக் கையால ஒரு வட்டம் துடைப்பாங்க, அந்த வட்டத்துக்குள்ள ஒரு கண்ணும் மூக்கும் தெரியும், இதெல்லாம் எடுக்க எனக்கு இந்த விண்டர் பூரா போதாது.

ஒரு நாள் அன்ரி கிட்ட பாலத்து வெளிச்சத்தப் பத்தி சொல்லிக்கிட்டு இருந்தேன். "எந்தப் பாலம்?"னு கேட்டாங்க. பதினெட்டு வருஷம் அது மேல போயிட்டு வந்தவங்க. "போகேக்க இருட்டு, வரேக்க நித்திரை. நான் ஒருநாளும் பாக்கேல்லப் பிள்ளை."

அடுத்த சனிக்கிழமையே கூட்டிட்டுப் போனேன். தலைக்கு தேங்காயெண்ணெய் வச்சு சீவி, நல்ல சால்வையா பாத்து போட்டுக்கிட்டு வந்தாங்க. இடது பக்கம் ஜன்னல் ஓரமா உக்கார வச்சேன். பிராட்வியூ தாண்டினதும் வெளிச்சம் வந்துச்சு, அன்ரி நெத்தியக் கண்ணாடியில வச்சுக்கிட்டு கீழ உறைஞ்சு கிடந்த ஆத்தப் பாத்தாங்க, நான் மூணு படம் எடுத்தேன், மூணும் நான் இத்தனை நாளா தேடின மாதிரியே இருந்துச்சு, கேமரா இருக்குறதே தெரியாத முகம். நாலாவது எடுக்குறப்ப திரும்பிட்டாங்க. தோள நேராக்கிட்டு, சால்வைய சரி பண்ணிட்டு, லென்ஸ நேரா பாத்து, "இப்ப எடுங்கோ"ன்னாங்க.

பிரிண்ட் போட நாலையும் காட்டி எது வேணும்னு கேட்டேன், யோசிக்கவே இல்ல, நாலாவதக் காட்டினாங்க, யாழ்ப்பாணத்துல இருக்குற தங்கச்சிக்கு அனுப்பணுமாம். அப்பாவுக்கும் அதத் தான் அனுப்பினேன். "வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு, தாடைய மட்டும் கொஞ்சம் இறக்கச் சொல்லிருக்கலாம்"னு பதில் வந்துச்சு.